சாமித்தட்டில் இருந்த கடிதம்

என்னுடைய கையெழுத்தை வாசிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது, தங்கச்சி. திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் விளையாட்டு மாஸ்ரராக இருந்தவன் நான். இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி முடிவுகளைக் கரும்பலகையில் எழுதி எழுதி எழுத்து உருண்டையாகிவிட்டது. விசாரணை அதிகாரி என்னை ஜெர்மன் மொழியிலேயே சொல்லச் சொன்னார். எனக்கு ஜெர்மன் நன்றாக வரும். ஆனாலும் தமிழில் எழுதித் தருகிறேன், அன்றைக்கு விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த பிள்ளை இதையும் மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும் என்று கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இந்தப் பன்னிரண்டு வருடமும் ஜெர்மனில் நான் பேசியதெல்லாம் மற்றவர்களுடைய கதை. என்னுடைய கதையைச் சொல்ல அந்த மொழியில் எனக்குப் பழக்கமில்லை.

உங்கள் பெயர் நிலோஜினி, சோலோதுர்னில் இருந்து வருகிறீர்கள் என்று அன்றைய விசாரணைத் தாளின் அடியில் போட்டிருக்கிறது. என் பெயர் தியாகலிங்கம். வயது நாற்பத்தைந்து. வின்டர்தூரில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும் என்பதால் உங்களுக்கு விளங்கும். எங்கள் ஆட்களுக்கு ஜெர்மனில் ஒரு கடிதம் வந்தால், வீட்டில் இங்கே படித்த பிள்ளை இருந்தாலும் பிள்ளையிடம் கொடுக்கமாட்டார்கள். அகதி விண்ணப்பம் நிராகரிப்பு, திருப்பி அனுப்புவோம் என்ற எச்சரிக்கை என்று கடிதங்கள் வந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். பிள்ளையின் வாயால் கெட்ட செய்தி வரக்கூடாது என்று ஒரு பயம். கடித உறையைக் கண்டதும் பிள்ளையை மற்ற அறைக்கு அனுப்பிவிட்டு, சனிக்கிழமை காலையில் அதைக் கைப்பைக்குள் வைத்து என்னிடம் கொண்டுவருவார்கள். நான் வாசித்துச் சொல்வேன். அரசாங்கக் கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடப் போவேன். ஓர் அதிகாரி, இந்த மனுசனுக்கு எத்தனை தரம் சொல்வது என்று எரிந்து விழுந்தால், ஐயா இன்னொருக்கால் விளங்கப்படுத்துகிறார் என்று தமிழில் சொல்லிவிடுவேன். ஒரு வரியை விட்டுவிட்டால் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குணேஸ்வரியும் அப்படிக் கடிதத்தோடு வந்தவர்தான். எண்பத்தைந்தில், ஏழு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். புருசன் தவராஜா ஊரில் பிடித்துச் செல்லப்பட்டவர், திரும்பவில்லை. குணேஸ்வரி இங்கே வயோதிபர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். மகன் பெயர் மதிவதனன். நாங்கள் வதனன் என்று கூப்பிடுவோம்.

இனி அமெரிக்கக் கால்பந்து என்கிற விளையாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, தேங்காய் போல நீண்ட பந்தோடு ஒருவரையொருவர் மோதி விழுத்துகிற விளையாட்டு. எங்கள் நகரத்தில் அதற்கு ஒரு சின்னக் கழகம் இருந்தது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். மற்றவர்கள் மோதலைப் பார்த்தார்கள், நான் எறிதலைப் பார்த்தேன். அந்த அணியில் ஒருத்தனே முக்கியம். அவனைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். பந்தை வாங்கி, எதிரணி பாய்ந்து வந்து விழுத்துவதற்குள் யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுத்து எறிகிறவன். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டில் இருந்து விக்கெட்டுக்கு நேராக எறியப் பிள்ளைகளைப் பழக்கிய எனக்கு, அந்தக் கழகத்தில் ஒருவருக்கும் எறியத் தெரியவில்லை என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது.

கனடாவில் இருக்கும் என் மச்சான் இரவீந்திரன் அமெரிக்கக் கல்லூரிகளின் ஆட்டங்களை வீடியோ நாடாவில் பதிந்து அனுப்பினான். அந்த நாட்டு முறை நாடா இங்குள்ள வீடியோப் பெட்டிகளில் ஓடாது. ஷ்லீரன் என்ற ஊரில் பழைய சாமான் விற்கிறவனிடம் இரண்டு விதமும் ஓடும் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். படத்தை நிறுத்தி நிறுத்தி, அந்தப் பொடியன்கள் காலை எங்கே வைக்கிறார்கள், இடுப்பு எப்போது திரும்புகிறது என்று ஐந்து வருடம் படித்தேன். கல்லூரிகளில் பெயரெடுக்கிற குவார்ட்டர்பேக்குகளுக்கு, அணிப் பயிற்சியாளரைத் தவிர, தனியாக ஒருவர் இருப்பார் என்று மச்சான் எழுதியிருந்தான். அவர் மைதானத்தில் நிற்கமாட்டார். காலையும் தோளையும் மட்டும் பழக்குவார். பொடியன் பெரிய ஆளானதும், இவனைச் செய்தவர் இன்னார் என்று அந்தப் பெயரையும் சொல்வார்களாம். அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

வதனனுக்குப் பதின்மூன்று வயதில் கையில் பந்தைக் கொடுத்தேன். தோஸ் ஆற்றங்கரையில் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, அதில் என்னுடைய பழைய குளிர்க்கோட்டைத் தொங்கவிட்டு, அதன் பொக்கற்றுக்கு எறியச் சொல்வேன். பனியிலும் எறிந்தான். பந்தைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தாலும் எறிந்தான். பதினாறு வயதில் முப்பது மீற்றர் தூரத்தில் அந்தப் பொக்கற்றைப் பத்துக்கு ஆறு தரம் தொட்டான். என் மீது அவனுக்கு இருந்த மரியாதை பெற்ற தகப்பன் மீது வைக்கிற மரியாதை. குணேஸ்வரி தேத்தண்ணிப் போத்தலோடு கரையில் இருந்து பார்ப்பார். இந்த விளையாட்டால அமெரிக்காவுக்குப் படிக்கப் போனால் அவனுக்கு அகதி என்கிற பெயர் இல்லாமல் போகும், அதுபோதும் எனக்கு என்பார்.

கழகத்தின் பயிற்சியாளர் ரேட்டோ, தபால்காரர், நிதானமான மனிதர். எதிரணி கிட்ட வந்தால் பந்தை வெளியே எறிந்துவிட்டுக் குனிந்து தப்பு என்று சொல்லிக்கொடுத்தார். ஆற்றங்கரையில் நான் அதை மாற்றினேன். நாடாவில் பார்த்த பெரிய பொடியன்கள் தப்பி ஓடுவதில்லை. பந்து கையை விட்டுப் போகும்வரை நிற்பார்கள், அடி விழும் என்று தெரிந்தும் நிற்பார்கள். கல்லூரிக்காரர் பார்ப்பது அதைத்தான், நில் என்றேன். நின்றான்.

தொண்ணூற்றைந்து மார்ச்சில், அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் இருந்து எனக்குக் கடிதம் வந்தது. வதனனின் ஆட்டத்தைப் பதிந்து நான் அனுப்பிய நாடாவுக்குப் பதில். ஜூன் பதினெட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அவர்களுடைய ஆள் பக்கத்து நாடான ஜெர்மனியில் இருந்து இங்கே வந்து பார்ப்பார் என்று வதனனுக்கும் தாய்க்கும் சொன்னேன். கடிதத்தில் வதனனின் கையைப் பற்றியும் இருந்தது, அவனைப் பழக்கியவரைப் பற்றியும் இருந்தது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஏப்ரலில் ஓர் ஆட்டத்தில் அவன் தலைகுப்புற விழுந்தான். எழும்பினான், ஆனால் இரண்டு கையும் நெருப்புப் போல எரிகிறது, தூக்கமுடியவில்லை என்றான். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கழுத்தைப் படம் எடுத்தார்கள். இரண்டு கிழமை கழித்து முடிவு சொல்லத் தாயையும் மகனையும் வரச்சொல்லியிருந்தார்கள். வதனன் அப்போது தச்சுத் தொழில் பழகிக்கொண்டிருந்தான். வெறும் பத்திரம் நிரப்புகிற வேலை, நீ லீவு எடுக்கவேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அதிகாரி கேட்டார். முடிவு என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது, உண்மை. ஆனால் என்ன வந்தாலும் அது முதலில் என் காதால் வரவேண்டும் என்று நினைத்தேன்.

டொக்டர் ஒரு பெண். பொறுமையானவர். தாளில் இரண்டு குழாய் கீறினார், ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். வதனனின் கழுத்தெலும்புக்குள் நரம்பு போகிற வழி பிறப்பிலேயே ஒடுக்கம். இன்னொரு தரம் அப்படி மோதினால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இயங்காமல் போகலாம். இந்த விளையாட்டு இன்றோடு முடிந்தது என்றார். ஓடலாம், நீந்தலாம், இது மட்டும் கூடாது.

குணேஸ்வரி என் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்றா அண்ணை என்று கேட்டார்.

"கழுத்துச் சதை கொஞ்சம் பலவீனமாம். பயிற்சி தருவினம். ரெண்டு கிழமை ஓய்வெடுத்தால் போதுமாம்" என்றேன்.

அவர் சிரித்தார். கையெடுத்து டொக்டரைக் கும்பிட்டார். டொக்டருக்கு அது விசித்திரமாக இருந்திருக்கவேண்டும். இவருக்கு விளங்கியதா என்று என்னிடம் கேட்டார். விளங்கியது, எங்களுடைய ஆட்கள் பயந்தால் சிரிப்பார்கள் என்றேன். அதையும் அவர் நம்பினார். எங்களைப் பற்றி நான் சொன்ன எதைத்தான் இந்த நாட்டில் நம்பாமல் விட்டார்கள். மகனிடம் நேரில் சொல்லவேண்டுமே என்றார். தாயே சொல்லட்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்றேன். கழகத்துக்கு அறிவிக்கவேண்டுமே என்றார். நானும் கழகத்து ஆள்தான், நான் சொல்கிறேன் என்றேன். ரேட்டோவிடம், வதனனுக்கு இரண்டு கிழமை ஓய்வு போதும் என்று சொன்னேன். அவன் திரும்ப விளையாடுவதற்குத் தாயின் கையெழுத்து வேண்டும் என்றார் அவர். ஒரு தாளில் ஜெர்மனில் எழுதி வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தாள் உங்கள் கோப்பில் இருக்கும்.

அந்த நேரத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தது இவ்வளவுதான். டொக்டர் இயங்காமல் போகலாம் என்றார், போகும் என்று சொல்லவில்லை. பதினெட்டாம் திகதி ஆட்டத்தையும் சேர்த்து ஐந்து ஆட்டம்தான் இருந்தது. நான்கில் அவனை உட்கார வைக்கலாம். ஒரேயொரு ஆட்டம்.

நான்கிலும் ஒவ்வொரு சாக்குச் சொல்லி அவனை உட்கார வைத்தேன். அதைச் சொல்லவேண்டும்.

டொக்டரைப் பார்த்து வந்ததற்கு அடுத்த சனிக்கிழமை குணேஸ்வரி ஒரு கடிதத்தோடு வந்தார். டொக்டர் தான் சொன்னதையெல்லாம் எழுத்தில் அனுப்பியிருந்தார். உறையை நீட்டினார். ஆஸ்பத்திரிக் கடிதமோ அண்ணை, ஏன் திரும்ப எழுதியிருக்கினம் என்று கேட்டார்.

நான் திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"இல்லைத் தங்கச்சி, இது அமெரிக்காவில இருந்து வந்தது."

ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சட்டைப் பைக்குள் இருந்த ஒகையோக் கடிதத்தை நினைவில் இருந்து வாசித்தேன். இந்தப் பிள்ளையின் கையைப் போல ஒரு கையை ஐரோப்பாவில் நாங்கள் பார்த்ததில்லை. இவனைப் பழக்கியவர் யாரோ, அவரையும் எங்கள் கல்லூரிக்கு அழைக்க விரும்புகிறோம். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உறையை என் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, தலைப்பு உள்ளே போகும்படி தாளை மடித்துக் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே எழுத்து. கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால், சாமித்தட்டில் வைத்து, சந்தனப் பொட்டும் வைத்தார். நல்ல செய்தி வந்த கடிதத்தை எங்கள் வீடுகளில் வேறு எங்கே வைப்பார்கள்.

ஜூன் முதல் கிழமையில் ஆற்றங்கரையில் வதனன் பந்தைக் கீழே வைத்துவிட்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"மாஸ்ரர், பின்னேரங்களில விரல் விறைக்குது. டொக்டரிட்ட ஒருக்கால் கேப்பமோ?"

"பெரிய ஆட்டத்துக்கு முதல் எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பந்தை எடுத்தான். தங்கச்சி, நான் எழுதியதில் வேறு எந்த இடத்தை வாசித்தாலும் எனக்கு ஒரு நியாயம் சொல்லிக்கொள்ள முடிகிறது. இந்த இடத்தில் முடியவில்லை.

பதினெட்டாம் திகதி மழைத் தூறல். மூன்றாவது கால்பகுதியில் இடப்பக்கமாக ஒருவன் காவலை உடைத்துக்கொண்டு வந்தான். ரேட்டோ கோட்டருகே நின்று வெளியே எறி என்று கத்தினார். வதனன் நின்றான். பந்து போகும்வரை நின்றான். அப்படியோர் எறிதலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, நாடாவிலும் பார்த்ததில்லை. நாற்பது மீற்றர் போய் ஓடுகிறவனின் மார்பில் இறங்கியது. சனம் எழும்பிக் கைதட்டியது. நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, அமெரிக்கர் எங்கே இருக்கிறார் என்று பார்வையாளர் பக்கம் தேடினேன். மூன்றாவதாகத்தான் அவனைப் பார்த்தேன். அவன் எழும்பவில்லை.

குணேஸ்வரி குடையைப் போட்டுவிட்டுப் படிகளில் இறங்கி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"டொக்டர் தந்த கழுத்துப் பயிற்சி எல்லாம் ஒழுங்காச் செய்தவன்தானே அண்ணை?"

ஓம் என்றேன்.

அவன் உயிரோடு இருக்கிறான். கதைக்கிறான். வலது தோள் கொஞ்சம் அசைகிறது. கிழமைக்கு இரண்டு தரம் போய்ப் பார்க்கிறேன். அவனுடைய மூக்குக் கடித்தால் நான் சொறிந்துவிடுவேன். மாஸ்ரர், நீங்கள் சொன்னபடி நிண்டனான்தானே என்று முதல் நாளே கேட்டான். என்னைச் சமாதானப்படுத்தத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் என்னைக் கண்டு, ஏன் விளையாட விட்டார்கள் என்று கேட்டார். தாய் சொல்லியும் பொடியன் கேட்கவில்லை என்றேன். செப்டெம்பரில் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் இருந்து ஒருவர் குணேஸ்வரியின் வீட்டுக்கு வந்தார். வழமைபோல மொழிபெயர்க்க நான் போனேன். வந்தவருடைய கண் சாமித்தட்டில் இருந்த கடிதத்தில் விழுந்தது. விரித்துப் பார்த்தார், ஆஸ்பத்திரியின் தலைப்பு, சந்தனம் காய்ந்து போன பொட்டு. இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று இவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள் என்றார். நான் கேட்டேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் கேட்டேன்.

"ஓம், நல்லாத் தெரியும். பிள்ளை எழும்பி அங்க போகவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் அதைத்தான் கும்பிடுறன்."

ஆம், நன்றாகத் தெரியும் என்று ஜெர்மனில் சொன்னேன். அடுத்த வரியை விட்டுவிட்டேன்.

அந்த ஒரு பதிலில்தான் இந்த வழக்கு நிற்கிறது. ஆபத்து என்று தெரிந்தும், எச்சரிக்கைக் கடிதத்தைச் சாமியிடம் வைத்துவிட்டு மகனை மைதானத்துக்கு அனுப்பிய தாய் என்று குணேஸ்வரி மீது குற்றம். அவரை விசாரணைக்கு அழைத்தபோது எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அதனால் உங்களைக் கூப்பிட்டார்கள். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள் என்று அதிகாரி கேட்க, குணேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு நான் வாசித்ததை மனப்பாடமாகச் சொன்னாராம். நீங்கள் அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தீர்களாம். அதிகாரி கையில் இருந்த தாளையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார் என்று பிறகு குணேஸ்வரியே என்னிடம் வந்து சொன்னார். நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ அண்ணை என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் இருக்கமுடியவில்லை. அடுத்த நாள் நானாக வந்தேன்.

ஆகவே என் ஒப்புதல் இது. குணேஸ்வரிக்கு ஒன்றும் தெரியாது. வதனனுக்கு ஒன்றும் தெரியாது. ரேட்டோவுக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். அந்தப் பிள்ளையின் கழுத்தை முறித்தது நான். தாயின் தலையில் அதைப் போட்டதும் நான்தான். எந்தத் தண்டனைக்கும் மறுப்புச் சொல்லமாட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஒகையோவில் இருந்து வந்த கடிதத்தையும் அதிகாரி என்னிடம் வாங்கி வைத்திருக்கிறார், நீங்கள் பார்ப்பீர்கள். அதில் நான்கு வரிதான். நாடா கிடைத்தது. படம் தெளிவில்லை. விளையாட்டுப் பருவம் முடிந்ததும் இன்னொரு நாடா அனுப்பவும். எங்கள் உதவிப் பயிற்சியாளர் ஜூனில் ஜெர்மனிக்கு வருகிறார், நேரமிருந்தால் ஓர் ஆட்டத்தை எட்டிப் பார்க்கக்கூடும். அன்றைக்கு யாரும் வரவில்லை. ஐரோப்பாவில் பார்த்திராத கை என்பதும், பழக்கியவரை அழைக்க விரும்புகிறோம் என்பதும் எந்தக் கடிதத்திலும் இல்லை. ஆஸ்பத்திரித் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் வாயில் வந்தது. நான்கு பக்கத்துக்கு முன்னால், அது கடிதத்தில் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போதும் அப்படித்தான் நம்பினேன்.

வதனன் இப்போதும் தாதிமாரிடம், எங்கடை மாஸ்ரரை அமெரிக்காவில கூப்பிட்டவை என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெருமை ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் எழுதியபடியே கொடுங்கள், தங்கச்சி. இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுங்கள். சில வரிகளை விட்டுவிட்டால் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடாது. எனக்காகக் கேட்கவில்லை.